எண்பதாவது டிரம்

எல்லையில் விஷ லாரி நிற்கிறது என்ற சேதி அந்தக் கம்பெனிக்குள் காண்டீன் வழியாகத்தான் நுழைந்தது. காண்டீன்காரம்மாவுக்குச் சொன்னது காய்கறி வேன்காரர். வேன்காரருக்குச் சொன்னது அவர் மச்சினன். மச்சினனும் நேரில் பார்த்தவன் இல்லை. பார்த்த ஒருவனோடு நின்று டீ குடித்தவன். இத்தனை வாய் தாண்டி வந்ததில் ஒரு லாரி ஐந்து லாரியாகியிருந்தது. அடியில் பச்சைத் தண்ணீர் ஒழுகி, அதை நக்கிய நாய்கள் செத்து, சுற்றியிருந்த வீடுகளையெல்லாம் காலி செய்யச் சொல்லி, கடைசியில் டிரைவர் வாயில் நுரை தள்ளி மயங்கிக் கிடந்தார்.

"அஞ்சு லாரியாம்," என்றாள் காண்டீன்காரம்மா, கரண்டியை நிறுத்தாமல். "எவன் அனுப்பினானோ, அவன் நல்லா இருப்பானா?"

வரிசையில் டம்ளரோடு நின்றவள் வாயைத் திறக்காமல்தான் இருந்திருக்க வேண்டும். முதலாளி அப்படித்தான் சொல்லியிருந்தார். ஆனால் ஒரு தகவல் தப்பாகப் போகிறதென்றால் அவளால் அதைத் தொண்டையில் வைத்துக்கொண்டு நிற்க முடியாது.

"ஒரு லாரிதான். ஒழுகலை. உள்ள இருக்கிறது பச்சை இல்ல, பழுப்பு."

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நாய் எதுவும் சாகவில்லை என்றும் சொல்லியிருப்பாள். டிரைவர் மயங்கவில்லை என்று மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை. மணி பத்து நாற்பது. பதினொன்றுக்குத்தான் அவன் பேசுவான். டம்ளரை நிரப்பாமலே வைத்துவிட்டு வெளியே வந்தாள். அந்த டிரைவர் அவள் தம்பி.

அவளுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் வரும். மற்றபடி கம்பெனியில் எல்லோருக்கும் அவள் 'மூணு ஜெராக்ஸ்'. எந்தத் தாள் கைக்கு வந்தாலும் மூன்று நகல் எடுப்பாள்: ஒன்று கோப்புக்கு, ஒன்று பீரோவுக்கு, ஒன்று வீட்டுக்கு. வீட்டுக்கு எதற்கு என்று கேட்டால், "ஆபீஸ் எரிஞ்சா?" என்பாள். வீடு எரிந்தால் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதில்லை.

இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கம்பெனியில் இருக்கிறாள். பெயின்ட் ஆலைகள், அச்சகங்கள், மரச்சாமான் பட்டறைகள் எல்லாம் வேண்டாமென்று ஒதுக்குகிற கசடு அங்கே வந்து சேரும். கரைப்பான் கலந்த, மூக்கை அறுக்கிற, தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்கிற கசடு. அதை எரிக்கிற அளவுக்குச் சூடான உலை அந்த நாட்டில் கிடையாது. எல்லை தாண்டி, பக்கத்து நாட்டில் ஒன்று இருக்கிறது. அங்கே அனுப்புவார்கள். அங்கிருந்து பழைய பேட்டரிகள் இந்தப் பக்கம் வரும், ஈயம் உருக்க. போவதற்கும் வருவதற்கும் தாள் எழுதுவது அவள் வேலை.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவள் இப்படித்தான் விளக்குவாள்: "இது சம்பந்தம் பேசுற மாதிரி. பொண்ணு வீட்டுல சரின்னு எழுத்துல குடுக்கிற வரைக்கும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பஸ் ஏறக் கூடாது. எத்தனை பேர் வர்றோம், எந்தத் தேதிக்கு, எந்த வாசல் வழியா, என்ன உடுத்திட்டு வர்றோம்னு முன்னாடியே சொல்லியாகணும். சொன்ன மாதிரியே போகணும். வழியில சட்டையை மாத்தினாக்கூட திருப்பி அனுப்பிடுவாங்க."

அவள் சொல்லும் சம்மதக் கடிதம் அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் இலாகாவிலிருந்து வரும். அது வந்தபிறகு லாரியோடு கூடவே ஒரு தாள் போகும். ஆபீஸில் அதை மூவ்மென்ட் பேப்பர் என்பார்கள். எத்தனை டிரம், என்ன எடை, உள்ளே என்ன, யார் ஓட்டுகிறார், எல்லாம் அதில் இருக்கும். கை மாறும் இடத்திலெல்லாம் கையெழுத்து விழும்.

பத்து வருஷத்துக்கு முன் வெளிநாட்டிலிருந்து ஒரு கண்டெய்னர் வந்தது. உபயோகப்படுத்திய கம்ப்யூட்டர் திரைகள், மறுவிற்பனைக்கு, என்று தாள் சொன்னது. எண்ணிக்கை எழுதிய இடத்தில் ஒரு அடித்தல், பக்கத்தில் பேனாவால் ஒரு திருத்தம், மேலே சின்னதாக ஒரு கையெழுத்து. அவள் அந்த அடித்தலைப் பிடித்துக்கொண்டாள். அனுப்பினவன் தன் இஷ்டத்துக்கு அடித்து எழுதின தாள் தாளே இல்லை, திறந்து பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்றாள். முதலாளி கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். திறந்தபோது உள்ளே முக்கால்வாசி உடைந்த கண்ணாடியும் ஈயத்தூளும். கண்டெய்னர் வந்த வழியே திரும்பிப் போனது. அதற்கப்புறம் முதலாளி அவள் பெயரையே லைசென்ஸில் 'பொறுப்பாளர்' என்று பதிந்துவிட்டார். மரியாதை என்று அவள் நினைத்தாள். சுற்றுச்சூழல் ஆபீஸ் படிக்கட்டு ஏற முதலாளிக்கு முட்டி வலி என்பதும் ஒரு காரணம்.

தம்பியை வளர்த்தது அவள்தான். பதினோரு வயசு வித்தியாசம். அவன் மெக்கானிக் ஷெட்டில் ஒரு வருஷம், துணிக்கடையில் எட்டு மாசம், ஏதோ ஒரு ஓட்டலில் மூன்றே நாள் என்று எங்கேயும் ஒட்டாமல் சுற்றிக்கொண்டிருந்தான். அவள்தான் இழுத்துக்கொண்டு வந்து, ஆபத்தான சரக்கு ஏற்றும் டிரைவர்களுக்கான ஒரு வாரப் பயிற்சியில் உட்கார வைத்து, படம் போட்ட அட்டை வாங்கிக் கொடுத்தாள். பரீட்சைக்கு முதல் நாள் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கேள்வி கேட்டாள்.

"சரக்கை விட்டு எத்தனை தூரம் போகலாம்?"

"பாத்ரூம் வரைக்கும்."

"எழுந்திரிச்சு நில்லு."

"போகவே கூடாதுக்கா. கண் பார்வையிலேயே இருக்கணும். ஒப்படைக்கிற வரைக்கும் அது என் பொறுப்பு. போதுமா?"

தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை, அவன் ஓட்டினால் டிரம்மெல்லாம் தூங்கும் என்று மற்ற டிரைவர்களே சொல்வார்கள்.

போன வாரம் சரக்கு ஏற்றிய அன்று வியாழக்கிழமை. எண்பது டிரம். சம்மதக் கடிதம் சனிக்கிழமையோடு காலாவதி. எழுபத்தொன்பது டிரம் ஏறிவிட்டது. எண்பதாவதை உருட்டும்போது தரையில் ஒரு ஈரக்கோடு விழுந்தது. அடி விளிம்பில் கசிவு, ஒரு தீக்குச்சி அளவு.

கசிகிற டிரம்மை என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அதைவிடப் பெரிய டிரம் ஒன்று எடுத்து, உறிஞ்சும் தூள் கொட்டி, கசிகிற டிரம்மை முழுசாக அதற்குள் இறக்கி, சுற்றிலும் தூள் நிரப்பி, மூடி முறுக்க வேண்டும். செய்தார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. தப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

"பேப்பர்ல எண்பது டிரம்னு இருக்கு," என்றாள் அவள்.

"எண்பதுதானே," என்றார் லோடிங் மேஸ்திரி. "ஒருத்தன் மட்டும் சட்டைக்கு மேல கோட்டு போட்டிருக்கான். அதுக்கென்ன?"

"அளவு வேற. எடையும் நாப்பது கிலோ கூடும்."

"அம்மா, அந்தப் பக்கம் எவன் எண்ணப் போறான்? அப்படியே விடுங்க."

அல்லது அந்த ஒரு டிரம்மை இறக்கிவிட்டு எழுபத்தொன்பதோடு அனுப்பியிருக்கலாம். சொன்னதைவிடக் குறைவாக அனுப்புவதில் தகராறு இல்லை. ஆனால் கசிகிற டிரம்மைக் கொட்டகையில் வைத்துக்கொண்டு அடுத்த சம்மதத்துக்காக மூன்று மாசம் காத்திருக்க அவளுக்கு மனசு வரவில்லை. மாற்றம் இருக்கிறது என்று இலாகாவுக்கு எழுதினால் குறைந்தது மூன்று வாரம். அவள் பேனாவை எடுத்தாள். 'எண்பது' என்பதை ஒரே கோட்டில் அடித்தாள், ஸ்கேல் வைத்து. பக்கத்தில் 'எழுபத்தொன்பது, மற்றும் பெரிய டிரம் ஒன்று' என்று எழுதினாள். எடையைத் திருத்தினாள். சின்னக் கையெழுத்து, தேதி, முத்திரை. மூன்று நகல் எடுத்தாள். உண்மையைத்தானே எழுதியிருக்கிறோம் என்று நிம்மதியாக இருந்தது அவளுக்கு. அந்தக் கம்ப்யூட்டர் திரைத் தாள் ஒரு கணமாவது நினைவுக்கு வந்திருக்கலாம். வரவில்லை. அது திருட்டுத்தாள், இது அவளுடைய தாள்.

இந்தப் பக்கத்து செக்போஸ்ட்டில் முத்திரை குத்தி வெளியே விட்டார்கள். அந்தப் பக்கத்து செக்போஸ்ட்டில் ஒரு பெண்மணி தாளைப் பார்த்து, அனுப்பினவர் தன் இஷ்டத்துக்கு அடித்து எழுதின தாளை ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டார். அது வெள்ளிக்கிழமை மத்தியானம். மறுநாளோடு சம்மதமும் காலாவதியானது. திரும்பி வரலாமென்றால், வெளியே போன கழிவு மறுபடி உள்ளே வருவது இறக்குமதி. இறக்குமதிக்கு அனுமதி எங்கே என்று இந்தப் பக்கம் கேட்டது. இரண்டு கேட்டுக்கும் நடுவே அரை மைல் ஜல்லித்தரை. மரம் கிடையாது. அதில் நின்றது லாரி.

இன்ஜினைப் போடக்கூடாது என்று அந்தப் பக்கத்தார் உத்தரவு; தீப்பொறி பயம். அதனால் ஏசி இல்லை. போனுக்கு சார்ஜும் காவல்காரர் தயவில்தான். காலையில் பதினொன்று, சாயங்காலம் நான்கு என்று இரண்டு வேளை மட்டும் பேசுவது என்று வைத்துக்கொண்டார்கள். முதல் நாள் அவன், "பிக்னிக் மாதிரி இருக்குக்கா, பாய்தான் இல்ல," என்றான். மூன்றாம் நாள் தலைவலி. நான்காம் நாள் இரண்டு டிரம்மின் மூடி வெயிலில் உப்பியிருக்கிறது என்றான். ஐந்தாம் நாள் குடித்த தண்ணீர் வயிற்றில் தங்கவில்லை. டாக்டரை அனுப்பச் சொல்லி அவள் இரண்டு பக்கமும் கெஞ்சினாள். இந்தப் பக்கம், அவன் நாட்டை விட்டுப் போய்விட்டான் என்றார்கள். அந்தப் பக்கம், அவன் இன்னும் வரவில்லை என்றார்கள்.

அன்றைக்கு ஆறாம் நாள். எடைமேடைக்குப் பின்னால், யாரும் வராத இடத்தில் நின்று, பதினொன்று அடித்ததும் கூப்பிட்டாள். ஏழாவது மணியில் எடுத்தான்.

"அக்கா. இன்னைக்கு என்ன கிழமை?"

"புதன். ஏன்டா?"

"இல்ல, கேட்டேன். இங்க எல்லாம் ஒரே கிழமையா இருக்கு." நாக்கு தடித்தவன் போலப் பேசினான். வார்த்தைகளுக்கு நடுவே இடைவெளி கூடியிருந்தது.

"வாந்தி?"

"நின்னுடுச்சு. உள்ள ஒண்ணும் இல்ல போல."

"காத்து எந்தப் பக்கம் அடிக்குது? டிரம்முக்கு எதிர்ப்பக்கமா உட்காரு."

"காத்தே இல்லக்கா. ஒரு பொட்டுக்கூட இல்ல." மூச்சு வாங்கினான். "வாசனை தெரியல இப்பல்லாம். நேத்து வரைக்கும் தெரிஞ்சுது."

வாசனை போய்விட்டதென்றால் கசடு நல்லதாகிவிட்டது என்று அர்த்தமில்லை. மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தம். பயிற்சிப் புத்தகத்தில் அது தனி வரியாக, தடித்த எழுத்தில் இருக்கும்.

"கீழ இறங்கு. லாரியை விட்டு நூறு அடி தள்ளிப் போய் உட்காரு. இப்பவே."

"நீதானேக்கா சொன்ன, சரக்கை விட்டு நகரக்கூடாதுன்னு."

"இப்ப நான்தான் சொல்றேன், நகரு."

"எழுத்துல குடு," என்று சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமாயிற்று. "அங்க நிழல் இல்லக்கா. லாரிக்கு அடியிலதான் நிழல்."

"அடியில போய்ப் படுக்காதடா."

"சரி."

"தலைமேல சத்தியம்."

"சரிக்கா, சார்ஜ் போகுது. நாலு மணிக்குப் பேசறேன்."

அவள் நேரே முதலாளி அறைக்குப் போனாள். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆறு நாளாக அவரும் சரியாகத் தூங்கவில்லை.

"இன்னும் ரெண்டு நாள் பொறுமா," என்றார். "அந்தப் பக்கம் ஆள் வெச்சுப் பேசிட்டிருக்கேன். புது சம்மதம் வாங்கிடலாம்."

"ரெண்டு நாள் அவன் தாங்கமாட்டான் சார். நாமளே திரும்ப எடுத்துக்கறோம்னு எழுதிக் குடுத்தா, இங்க மறுக்க முடியாது. சட்டமே அப்படித்தான். போய்ச் சேராத சரக்கை அனுப்பினவங்க திரும்ப எடுத்துக்கணும். அதுக்குத் தனிப் படிவம் இருக்கு."

"இருக்கு. அதுல ஏன் போய்ச் சேரலைன்னு காரணம் எழுதணும். நாம விதியை மீறிட்டோம்னு நாமளே எழுதணும். எழுதின மறுநாள் லைசென்ஸ் போகும். இங்க பதினெட்டு பேர் வேலை செய்யறாங்க. பதினெட்டு குடும்பம்." குரலைத் தாழ்த்தினார். "உன் தம்பி எனக்கும் தம்பிதான்மா."

"அப்ப ஒரு மணி நேரம் நீங்க போய் அந்த லாரில உட்காருங்க சார். அவன் எழுந்து வரட்டும்."

அதற்குமேல் அவள் அங்கே நிற்கவில்லை. தன் மேசைக்கு வந்து அந்தப் படிவத்தை எடுத்தாள். கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்கான கோட்டுக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது: 'அனுப்பியவர் அல்லது அவரது பதிவுபெற்ற பொறுப்பாளர்.' எத்தனை தடவை தட்டச்சு செய்த வரி. அவளேதான் பொறுப்பாளர். போட்டால் அவள் பதிவு ரத்தாகும், வழக்கு வரும், இந்தத் தொழிலில் எந்த வாசலும் அவளுக்குத் திறக்காது. இருபத்திரண்டு வருஷமும் ஒரு கோட்டில் அடிபடும்.

காரணம் என்ற கட்டத்தில், 'கசிந்த டிரம்மைப் பெரிய டிரம்மில் வைத்தபின், இலாகாவுக்குத் தெரிவிக்காமல் தாளை என் கையால் திருத்தினேன். அன்று நிர்வாகத்துக்கு இது தெரியாது' என்று எழுதினாள். இரண்டாவது வாக்கியமும் உண்மைதான். சரக்கு ஏற்றிய அன்று முதலாளி பல் டாக்டரிடம் போயிருந்தார்.

நகல் எடுக்கவில்லை. பஸ் ஸ்டாப்புக்கு ஓடும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போகவில்லை.

பஸ்ஸில் தம்பி மனைவி கூப்பிட்டாள். துணி வெளுக்கும் கூடம் ஒன்றில் வேலை செய்கிறவள். பின்னால் மெஷின்கள் கடகடத்தன.

"அண்ணி, இங்க என்னென்னமோ சொல்றாங்க. வாயில நுரை தள்ளிடுச்சாம். நெசமா?"

"பதினோரு மணிக்குத்தான் பேசினேன். சிரிச்சான்."

"சிரிச்சாரா?"

"எங்கிட்ட எழுத்துல குடுன்னு கேட்டான்."

"அப்ப சரி," என்றாள். பிறகு, "அண்ணி, நீங்கதான் அவரை இந்த வேலையில சேர்த்துவிட்டீங்க. ஞாபகம் இருக்கில்ல?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

சுற்றுச்சூழல் ஆபீஸ் மூன்றாம் மாடியில். அபாயக் கழிவுக்கு நான்காவது மேசை. அங்கே இருப்பவரை அவள் மனசுக்குள் 'மேசை நாலு' என்றுதான் சொல்வாள். ஒல்லியான ஆள், காதில் பேனா. இத்தனை வருஷத்தில் அவள் கொடுத்த தாளில் அவர் ஒரு குறை கண்டதில்லை. படிவத்தை வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார்.

"நீங்களா அடிச்சு எழுதினீங்க?"

"நான்தான்."

"நீங்களா?"

"ஆமா சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் வீட்டில் சாவு விழுந்தது போல ஒரு முகம். "எண்ணிக்கை என்னன்னு போடறது? மூலத் தாள்ல எண்பதுன்னு இருக்கா, எழுபத்தொன்பதுன்னு இருக்கா?"

"ரெண்டும் இருக்கு."

"ரெண்டும் இருந்தா எதுவுமே இல்லைன்னு அர்த்தம்மா."

"லாரில ஒரு ஆளும் இருக்கான் சார். அவனுக்கு எந்தக் கட்டமும் இல்ல உங்க படிவத்துல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை, அவளும் கேட்டதில்லை. "பிரிவுத் தலைவர் கையெழுத்து வேணும்," என்றார் மெதுவாக. "அவர் பயிலரங்கத்துல இருக்கார். கீழ் மாடி."

"என்ன பயிலரங்கம்?"

"அபாயக் கழிவை விரைவாகக் கையாளுதல்."

யாரும் சிரிக்கவில்லை. மேசை நாலு படிவத்தை எடுத்துக்கொண்டு தானே இறங்கிப் போனார். அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிரே சுவரில் கடிகாரம். பன்னிரண்டே முக்கால், ஒன்றரை, இரண்டேகால். ஒரு தடவை அவர் மேலே வந்து, சாப்பாட்டு இடைவேளையில் பிடிக்கப் பார்த்தேன், நழுவிவிட்டார் என்று சொல்லிவிட்டு மறுபடி இறங்கினார். பக்கத்தில் இருந்த ஒருவர் தன் பேட்டரிக் கடைக்கு உரிமம் புதுப்பிக்க வந்த கதையைச் சொல்லத் தொடங்கினார். அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். எண்பதாவது டிரம்மை அந்த வியாழக்கிழமை உருட்டாமல் விட்டிருந்தால் என்று ஒரு தடவை யோசித்தாள். பிறகு அதையே திரும்பத் திரும்ப, வேறு வேறு மாதிரி. மேஸ்திரி சொன்னதைக் கேட்டிருந்தால். கை பேனாவை எடுக்காமல் இருந்திருந்தால். அவன் துணிக்கடையிலேயே இருந்திருந்தால். அளந்து கிழித்து மடித்துக்கொண்டு, சலிப்போடு, உயிரோடு.

இடையில் இரண்டு தடவை அவனைக் கூப்பிடப் போனாள். சார்ஜ் தீர்ந்துவிடுமே என்று விரலை எடுத்துக்கொண்டாள்.

மூன்று முப்பத்தைந்துக்கு மேசை நாலு கையெழுத்தும் முத்திரையுமாக வந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. எல்லைக்கு அவரே மின்னஞ்சல் அனுப்பினார். அவள் தன் போனிலும் படம் எடுத்து, அந்தப் பக்கத்து கேட்டில் தாளைத் திருப்பிய அந்தப் பெண்மணிக்கு அனுப்பினாள். ஐந்து நிமிஷத்தில் பதில்: 'கிடைத்தது. லாரி திரும்பிச் செல்லலாம்.'

"உங்க மேல இனிமே என்னென்ன வரும்னு தெரியும்ல?" என்றார் மேசை நாலு.

"தெரியும் சார்."

"என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"நீங்க மாடி இறங்கிப் போனீங்களே," என்றாள். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு ஜன்னல் இருந்தது. அங்கேதான் போனுக்கு நன்றாக சிக்னல் கிடைக்கும். மணி மூன்று ஐம்பத்திரண்டு. நான்கு மணி வரை காத்திருக்க அவளால் முடியவில்லை. கூப்பிட்டாள்.

மணி போயிற்று. அவன் எப்போதும் ஏழெட்டுத் தடவை மணி அடித்த பிறகுதான் எடுப்பான். எட்டு, ஒன்பது, பத்து. தானாகவே அறுந்தது. ஒரு நிமிஷம் விட்டு மறுபடி. முழுதாக அடித்து அறுந்தது. சார்ஜ் தீர்ந்திருந்தால் மணியே போகாது; அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு குரல் சொல்லும். அவள் அந்தக் குரலுக்காக ஏங்கினாள்.

அந்தப் பக்கத்து கேட்டில் இருக்கும் பெண்மணியைக் கூப்பிட்டாள். அவர் உடனே எடுத்தார்.

"லாரி கிளம்பிடுச்சாம்மா?"

"இல்லையே. அங்கதான் நிக்குது. மைக்கில கூடச் சொன்னோம், திரும்பிப் போகலாம்னு."

"ஆள் தெரியறானா?"

"டிரைவர் பக்கத்துக் கதவு திறந்திருக்கு." கொஞ்சம் தயங்கினார். "சீட்டுல யாரும் இல்ல."

"கீழ பாருங்க. லாரிக்கு அடியில. நிழல் இருக்கிற பக்கம்."

"இங்கிருந்து சரியாத் தெரியலைங்க. சக்கரத்துக்கிட்ட என்னமோ இருக்கு, துணி மாதிரி."

"யாராவது கிட்டப் போய்ப் பாருங்களேன். உங்க கால்ல விழறேன்."

"முகமூடி இல்லாம நூறு அடிக்குள்ள போகக் கூடாதுன்னு விதி. முகமூடி டவுன்ல இருந்து வரணும், சொல்லியிருக்கோம். வந்துட்டிருக்கு." அந்தக் குரல் இறங்கியது. "நானும் ஒரு தம்பியோட பொறந்தவதாங்க."

அவளுக்கு அந்த விதி தெரியும். எண், பிரிவு, உட்பிரிவு எல்லாம் தெரியும். அது சரியான விதிதான் என்பதும் தெரியும். முகமூடி இல்லாமல் போகிறவரும் அங்கேயே விழுவார்.

"அப்ப ஒண்ணு செய்யுங்கம்மா. நான் இப்ப அவனைக் கூப்பிடறேன். நீங்க ஜன்னலைத் திறந்து, மணி எங்கிருந்து கேக்குதுன்னு மட்டும் பாருங்க."

"சரி. கூப்பிடுங்க."

ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். கீழே பயிலரங்கம் முடிந்து ஆட்கள் கோப்புகளோடு படியில் ஏறி, அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவர் மன்னிச்சுக்குங்க என்றார். அவள் எண்ணை அழுத்தினாள்.

மணி போயிற்று. ஒன்று. இரண்டு. எடுத்துடுடா. நான்கு. ஐந்து. திட்டுடா, எழுத்துல குடுன்னு கேளு, என்ன வேணா கேளு. ஏழு. எட்டு. அவள் போனைக் காதோடு அழுத்தினாள். எங்கோ ஜல்லித்தரையில், காற்றில்லாத வெயிலில், அது அடித்துக்கொண்டிருந்தது.